பாணை வெட்டாதீர்கள், அறுங்கள்

வீட்டிலே பாண் சுடுவதைப் பற்றி எழுதுவோர் பலர். மாவைக் குழைக்கும் பக்குவம், ஈஸ்டின் அளவு, போறணையின் சூடு ஆகியவற்றை விளக்கும் குறிப்புகளுக்குக் குறைவேயில்லை. ஆனால் சுட்டெடுத்த பாணை எவ்வாறு துண்டாக்குவது என்பதைப் பற்றிப் பெரும்பாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கத்தி இருக்கிறது, கை இருக்கிறது, இதிலே கற்பதற்கு என்ன உண்டு என்று நினைத்துவிடுகின்றோம். அந்த நினைப்பின் பலனைக் காலை உணவு மேசையிலே காணலாம். மேலே காகிதம்போல் மெலிந்தும் கீழே இரண்டு விரற்கடை தடித்தும் ஆப்புப்போல் ஒரு துண்டு. நடுவிலே பசைபோல் ஒட்டிக் கிழிந்து ஓட்டை விழுந்த இன்னொரு துண்டு. பாதிப் பாண் நசுங்கிப்போய் ஒருபுறம் சாய்ந்து கிடக்கும். மூன்று மணி நேரம் பாடுபட்டுப் பொங்கவைத்த பாண், மூன்று நிமிடத்தில் அலங்கோலமாகிவிடுகிறது.

இது அழகு சம்பந்தமான விடயம் மாத்திரமன்று. ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தால், துண்டின் தடிப்பை அவர்கள் கண்ணாலேயே அளந்துவிடுவார்கள். "அண்ணாவுக்குப் பெரிது, எனக்குச் சின்னது" என்ற வழக்கு எந்த நீதிமன்றத்திலும் தீராதது. ஒத்த அளவில் அறுக்கத் தெரிந்த கைக்கு அந்த வழக்கே வருவதில்லை. பாண் தாராளமாகக் கிடைக்கும் நாளிலே இது சிரிப்புக்குரிய சங்கதி. பாண் எண்ணிக் கிடைத்த நாட்களை அறிந்த வன்னிக் குடும்பங்களுக்கு இது சிரிப்பாகப் படாது.

வன்னி நெல் விளையும் பூமி. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களின் பெயரைச் சொன்னாலே வயல்கள் கண்முன் விரியும். கோதுமையோ இலங்கையில் விளைவதில்லை. ஒவ்வொரு மணியும் கப்பலில் வந்தாக வேண்டும். ஆயினும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எத்தனையோ வீடுகளிற் காலையாகாரம் பாணும் சம்பலும்தான். பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அதைச் சுடும் போறணையின் பெயரும் அவர்களுடைய மொழியிலிருந்து வந்ததே. பாணை வைக்கும் மேசை, நாம் அமரும் கதிரை, பாணைப் பூட்டிவைக்கும் அலுமாரி ஆகிய சொற்களும் அதே கப்பலில் வந்திறங்கியவை. வன்னியிலே கடைகளின் பெயர்ப்பலகைகளில் 'வெதுப்பகம்' என்ற தமிழ்ச் சொல்லையும் காணலாம். ஆனால் உள்ளே சென்று கேட்பவர் "ஒரு றாத்தல் பாண் தாருங்கள்" என்றுதான் கேட்பார். றாத்தல் என்ற நிறுவை வழக்கொழிந்து பல ஆண்டுகளாகியும் பாணிலே அது உயிர்வாழ்கிறது. முழுப் பாணொன்று 450 கிராம் நிறை இருக்கவேண்டும் என நுகர்வோர் விவகார அதிகாரசபை 2024ஆம் ஆண்டில் விதித்ததும் ஏறக்குறைய அந்தப் பழைய றாத்தலையே ஒத்திருக்கிறது.

கடைப் பாணைத் துண்டாக்குவதிற் பெரிய சிரமமில்லை. அது பெரும்பாலும் மிருதுவானது. கையாற் பிய்த்து, பருப்பிலோ மீன் குழம்பிலோ தோய்த்து உண்பதற்கே ஏற்றது. அவ்வாறு உண்பவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. குழம்பை உறிஞ்சுவதற்குப் பிய்த்த பாணின் சொரசொரப்பான முகமே சிறந்தது. கத்தியால் அறுத்த வழவழப்பான முகம் அந்த வேலைக்கு உதவாது. ஆனால் பிள்ளைகளுக்குப் பாடசாலைக்குக் கட்டிக்கொடுப்பதற்கும், வெண்ணெய் பூசுவதற்கும், வாட்டி எடுப்பதற்கும், பங்கிடுவதற்கும் ஒழுங்கான துண்டு வேண்டும். வீட்டுப் பாணின் மேலோடோ கடைப் பாணைக் காட்டிலும் தடித்தது, உள்ளீடு ஈரமானது. கடினமான ஓட்டுக்குள்ளே மென்மையான பஞ்சு. கத்திக்கு இதைவிடச் சோதனை வேறில்லை.

முதலாவதும் மிகக் கடினமானதுமான விதி, பொறுத்திருத்தல். போறணையிலிருந்து எடுத்த பாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 95 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். வேகும்போது மாவிலுள்ள மாப்பொருள் நீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகியிருக்கிறது. சூடு தணியத் தணியத்தான் அந்தக் கூழ் இறுகிப் பாணுக்கு உடலுறுதி தருகிறது. பாண் அடுப்பிலிருந்து இறங்கியதும் சமையல் முடிந்துவிட்டதென்று எண்ணுவது தவறு. ஆறும்போதுதான் அதன் கடைசிக் கட்டம் நடைபெறுகிறது. சூட்டோடு கத்தியை வைத்தால், இறுகாத கூழைக் கத்தி இழுத்துச் செல்லும். கத்தியின் இருபுறமும் பசை ஒட்டும். உள்ளிருக்கும் நீராவி ஒரேயடியாக வெளியேறி, மிஞ்சிய பாண் மாலைக்குள் வரண்டுபோகும்.

இரும்புக் கம்பித் தட்டொன்றின்மேல் வைத்து, கீழேயும் காற்றுப்படும்படி விட்டால், ஒரு றாத்தல் பாண் ஆறுவதற்கு இரண்டு மணி நேரமாவது செல்லும். கம்பித் தட்டு இல்லையேல் சுளகைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் வைக்கலாம். பலகையில் வைத்தால் அடிப்புறம் வேர்த்து நமநமத்துவிடும். புறங்கையை அடிப்பாகத்தில் வைத்துப் பார்க்கையில் சூடே தெரியக்கூடாது. பெரும் ஆலைகளிலும் நடுப்பகுதி 35 பாகை அளவுக்கு ஆறிய பின்னரே பாணை இயந்திரத்தில் இடுகிறார்கள். இயந்திரத்துக்கே இந்தக் கட்டுப்பாடு உண்டென்றால் நமது கைக்கத்திக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொறுத்திருப்பதை அரசாங்கமே சட்டமாக்கிய வரலாறும் உண்டு. 1801ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் கோதுமைப் பஞ்சம் ஏற்பட்டபோது, சுட்டு 24 மணி நேரம் கழியாத பாணை விற்கலாகாது என்று சட்டம் இயற்றினார்கள். முதலாம் உலகப் போரின்போது, 1917ஆம் ஆண்டில், 12 மணி நேரம் கழியவேண்டும் என்று அதே நாட்டில் மீண்டும் கட்டளை பிறந்தது. காரணம் எளியது. சூடான பாணை மெல்லியதாக அறுக்க இயலாது. அதன் வாசனைக்கு மயங்கி மக்கள் அளவுக்கு மிஞ்சி உண்பார்கள். ஆறிய பாணை மெல்லியதாக அறுக்கலாம்; ஒரே பாண் கூடுதலானோருக்குப் போதும். பட்டினிக் காலத்திற் கத்தி எவ்வளவு பெரிய சிக்கனக் கருவியாகிறது என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இதனை நான் புத்தகத்திற் படிக்குமுன்னரே எங்கள் பெரியம்மாவிடம் கண்டிருக்கிறேன். 1996ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்கு வந்தோம். அவ்வாண்டிலேயே அங்கிருந்தும் எழும்பி ஸ்கந்தபுரம் பக்கமாகச் சென்று ஒரு கொட்டிலிலே தங்கினோம். ஒன்பது பேர். நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவை றொட்டியாகவும் பிட்டாகவும் உண்டு உண்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் பெரியம்மா பாண் சுடப்போவதாகச் சொன்னார். ஈஸ்ட் இல்லை, காலையில் இறக்கிய பனங்கள்ளைச் சிறிது வாங்கி மாவிலே விட்டுக் குழைத்து, துணியால் மூடி வைத்தார். போறணையும் இல்லை, எண்ணெய் தடவிய சட்டியில் மாவை வைத்து, தகரத் தட்டினால் மூடி, கீழே சிறு தணலும் மேலே சிரட்டைக் கரி நெருப்புமாக வேகவிட்டார். இலங்கையிற் போறணையில்லாத வீடுகள் பலவற்றிற் கேக் சுடுவதற்குக் கையாளப்பட்ட முறையே இது.

மூடியைத் திறந்தபோது எழுந்த மணத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. நாங்கள் எல்லோரும் சுற்றிவளைத்துக்கொண்டோம். பெரியம்மா பாணைக் கவிழ்த்து, அடியிலே விரலாற் தட்டிப் பார்த்தார். வெறும் பானையைத் தட்டியதுபோல் ஓசை எழுந்தது. வெந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர் அதைச் சுளகிலே வைத்துக் கொட்டிலின் வளையிலே கட்டித் தொங்கவிட்டார். நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"பொறு மோனை. சூட்டோடை வெட்டினால் பாண் அழும்" என்றார்.

பாண் அழுவது என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. சூடாக அறுத்த முகத்திலே நீராவி குளிர்ந்து துளிதுளியாகத் திரள்வதைப் பிற்காலத்தில் என் வீட்டுச் சமையலறையிற் கண்டபோதுதான் விளங்கியது.

ஆறியபின் அவர் செய்த காரியத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சட்டியில் வெந்த பாண் வட்டமானது. ஒரு நூலை எடுத்து அதன் சுற்றளவை அளந்து அறுத்துக்கொண்டார். அந்த நூலை மூன்றாக மடித்தார். மடித்ததை மீண்டும் மூன்றாக மடித்தார். மூன்று மூன்று ஒன்பது. மடிப்பின் நீளத்தைக்கொண்டு பாணின் விளிம்பைச் சுற்றிக் கத்தி நுனியால் ஒன்பது கீறல்கள் இட்டார். பின்னர் நடுப்புள்ளியைக் கண்டு, நடுவிலிருந்து ஒவ்வொரு கீறலுக்குமாக அறுத்தார். ஒன்பது துண்டுகளும் ஒன்றுபோல் இருந்தன. எல்லோரும் எடுத்த பின்னர், மிஞ்சிய ஒன்றைத் தமக்கு எடுத்துக்கொண்டார். அறுப்பவர் கடைசியாக எடுப்பது என்பது அந்தக் கொட்டிலிற் சொல்லாமலே கைக்கொள்ளப்பட்ட சட்டம். கடைசித் துண்டுதான் தமக்கு என்று அறிந்தவரின் கை கோணுவதில்லை.

இங்கே மாணாக்கருக்குச் சுவையான ஒரு கணக்கு இருக்கிறது. சட்டிப் பாணை ஏறக்குறைய அரைக்கோளம் என்று கொள்ளுங்கள். அதைப் பெரியம்மாவைப்போல் நடுவிலிருந்து கூறிடாமல், ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஒரே தடிப்புள்ள நான்கு துண்டுகளாக அறுத்தால் என்ன நிகழும்? முழுப் பாணையும் 32 பங்காகக் கொண்டால், கரைத் துண்டு ஒவ்வொன்றிலும் 5 பங்கும், நடுத் துண்டு ஒவ்வொன்றிலும் 11 பங்கும் அமையும். தடிப்பு ஒன்றே, ஆனால் நடுவிலே கிடைத்தவருக்குக் கரையிலே கிடைத்தவரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! வளைந்த மேலோட்டை மாத்திரம் பார்த்தாலோ நான்கு துண்டிலும் அது சரிசமமாகவே இருக்கும். ஒரு கோளத்தை ஒரே தடிப்புள்ள தட்டுகளாக அறுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு மேற்பரப்புக் கிடைக்கும் என்பது, கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசின் கண்டுபிடிப்பிலிருந்து பெறப்படும் உண்மை. மொறுமொறுப்பான ஓட்டை விரும்பும் பிள்ளைகளுக்கு நேராக அறுங்கள். வயிற்றுப் பசிக்கு நடுவிலிருந்து கூறிடுங்கள் என்று ஆர்க்கிமிடீசின் பெயரால் தீர்ப்புக் கூறலாம்.

இனிக் கத்தியைப் பற்றி. தமிழிலே நாம் பாணை 'வெட்டுகிறோம்' என்கிறோம். தவறு அங்கேயே தொடங்குகிறதோ என்று நான் எண்ணுவதுண்டு. மரத்தைக் கோடரியால் வெட்டுகிறோம். பலகையை வாளால் அறுக்கிறோம். வெட்டுவது மேலிருந்து கீழே இறங்கும் வேலை. அறுப்பது முன்னும் பின்னும் ஓடும் வேலை. பாணுக்கு வேண்டியது அறுப்பேயன்றி வெட்டு அன்று. மேலிருந்து அமுக்கினால், ஓடு இடங்கொடுக்குமுன் உள்ளிருக்கும் பஞ்சு நசுங்கிவிடும். முன்னும் பின்னும் நீளமாக இழுத்தால், கத்தியின் பாரமே போதும். கையின் பாரம் தேவையில்லை.

பாண் கத்தியின் வாயிலே பல் வைத்திருப்பதும் இதற்காகவே. இந்தத் தத்துவத்தை வன்னி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பனை மட்டையின் கருக்கிலே கையை உரசிக்கொண்ட பிள்ளைக்கு அதன் கூர்மை தெரியும். அருவி வெட்டும் அரிவாளின் வாயிலும் நுண்ணிய பற்கள் உண்டு. வழுக்கும் வைக்கோற் தாளைப் பிடித்து அறுப்பதற்கு அவை உதவுகின்றன. வழவழப்பான கத்தி வாய் கடினமான ஓட்டின்மேல் வழுக்கும். பல்லின் நுனியோ மிகச் சிறிய இடத்திலே ஊன்றுவதால், சிறு விசையிலேயே ஓட்டைக் குத்தித் திறந்துவிடும். ஒரே விசை சிறிய பரப்பில் தாக்கும்போது அமுக்கம் கூடும் என்று விஞ்ஞான பாடத்திற் படிப்பது இதைத்தான்.

எங்கள் பெரியம்மாவின் கத்தி, உடைந்துபோன கைவாள் ஒன்றின் தகட்டைத் தேய்த்துப் பிடி போட்டு ஒரு கொல்லர் செய்துகொடுத்தது. கடையில் வாங்குவதானால், கத்தி வாய் பாணின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது நீளமாக இருக்கட்டும். 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை போதும். குட்டைக் கத்தியால் அறுத்தால் அடிக்கடி திசை திரும்ப நேரிடும். திரும்பும் இடமெல்லாம் துண்டிலே படி படியாகத் தெரியும். பல் வைத்த கத்தியைச் சாணைக்கல்லிலே தீட்டக்கூடாது, பல் மழுங்கிப்போகும். பல் கத்தி இல்லாதவர்கள் சாதாரண நீளக் கத்தியை நன்றாகத் தீட்டி வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும். நூலால் அறுத்தால் என்ன என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். அவித்த முட்டைக்கும் கேக்குக்கும் நூல் நல்ல கருவிதான். பாணின் ஓட்டிலே நூல் பல்லிளித்துவிடும். நான் பரீட்சித்துப் பார்த்தேன்.

அறுக்கும் முறை இது. அச்சிலே சுட்ட நீளப் பாணை நிமிர்த்தி வைக்காமல் பக்கவாட்டிற் சாய்த்து வையுங்கள். மேல்முகம் கூனலானது, கத்தி சறுக்கும்; அடிமுகம் எல்லாவற்றிலும் கடினமானது, முடிவில் அங்கே வந்து சேரும்போதுதான் கை அமுக்கத் தொடங்கும். பக்கவாட்டில் வைத்தால் கூனலும் அடியும் இருபுறமும் நிற்க, கத்தி தொடக்கத்திலிருந்தே இரண்டையும் சேர்த்து அறுத்துச் செல்லும். பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு மூன்று இழுப்பிலே ஓட்டைச் சற்றே கீறி வழி செய்யுங்கள். பின்னர் நீண்ட இழுப்புகள்.

துண்டு ஆப்புப்போல் ஆவதற்குக் காரணம், அறுப்பவரின் கண் கத்தியின் மேல் இருப்பதே. கண்ணைக் கத்தியில் வைக்காமல், பாணின் மறுபுறத்திலே கத்தி வெளிவர வேண்டிய இடத்தில் வையுங்கள். தச்சர் பலகையை அறுக்கும்போது வாளைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பார்க்கிறார். அத்துடன், பல கத்திகளின் வாய் ஒரு பக்கம் மாத்திரமே சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். அத்தகைய கத்தி தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு துண்டு அறுத்துப் பார்த்தால் அது எப்பக்கம் இழுக்கிறது என்பது தெரிந்துவிடும்; அதற்கேற்பக் கையைச் சற்றுச் சாய்த்துக்கொள்ளலாம். இடக்கைப் பழக்கமுடைய பிள்ளைகள் பாணை அறுக்கத் தெரியாதவர்கள் என்று பெயரெடுப்பது பெரும்பாலும் இக்கத்தியாலேதான். அவர்களைக் கோபிப்பது நியாயமன்று.

தடிப்பு எவ்வளவு? 12 மில்லிமீற்றர் நடுத்தரமான அளவு. 22 சென்ரிமீற்றர் நீளமுள்ள பாணில் அவ்வாறு 18 துண்டுகள் எடுக்கலாம். ஒரு றாத்தற் பாணானால் ஒவ்வொன்றும் 25 கிராம். கண்மதிப்பாக அறுத்து, முதல் ஒன்பது துண்டையும் 15 மில்லிமீற்றராக எடுத்துவிட்டால், மிகுதி ஒன்பது பேருக்கும் 9 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய துண்டே மிஞ்சும். ஒவ்வொரு தரமும் செய்த பிழை மூன்று மில்லிமீற்றர்தான். ஆனால் கடைசியில் நிற்பவரின் பங்கு ஐந்திலொன்றுக்கு மேல் குறைந்துவிடுகிறது. இதனால்தான் முதலிலேயே குறியிட வேண்டும் என்கிறேன். பாணின் நீளத்துக்கு ஒரு நூலை அறுத்து மடித்து மடித்து அளந்தாலும் சரி, அடிமட்டத்தை வைத்து அளந்தாலும் சரி, ஓட்டிலே மெல்லிய கீறல்களை இட்ட பின்னரே அறுக்கத் தொடங்குங்கள்.

அடிக்கடி பாண் சுடும் வீட்டிலே ஒரு மரச்சட்டம் செய்துவைப்பது நன்று. பாண் அடங்கும் அகலத்தில், மேலேயும் இரு முனையிலும் திறந்த ஒரு பெட்டி. அதன் இரண்டு பக்கப் பலகைகளிலும் 12 மில்லிமீற்றருக்கு ஒன்றாக, நேருக்கு நேர் அமையும்படி வாளால் இட்ட வெட்டுகள். பாணை உள்ளே வைத்து, வெட்டுகளுக்குள் கத்தியை ஓட்டினால் கோணுவதற்கு இடமேயில்லை. பள்ளிக்கூடத்தில் மரவேலை பழகும் பையன் ஒருவன் ஒரு மாலைப்பொழுதில் இதைச் செய்துவிடலாம்.

கையால் அறுக்கும் இந்தச் சங்கடத்தைப் போக்குவதற்காக ஒரு மனிதர் தம் வாழ்நாளிற் பெரும் பகுதியைச் செலவிட்டார். அமெரிக்காவைச் சேர்ந்த ஒட்டோ ரொவெடர் என்பவர் அவர். 1912ஆம் ஆண்டில் அவர் அமைத்த முதலாவது இயந்திரமும் அதன் வரைபடங்களும் 1917இல் ஏற்பட்ட தீயில் அழிந்தன. மீண்டும் தொடக்கத்திலிருந்து பாடுபட்டு, 1928ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் திகதி மிசூரி மாநிலத்துச் சிலிக்கொதி என்னும் சிற்றூரில், இயந்திரத்தால் துண்டாக்கிய பாணை முதன்முதலாக விற்பனைக்கு விடச்செய்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அமெரிக்கப் பெண்கள் பாண் அறுப்பதையே மறந்துவிட்டார்கள் போலும். ஏனெனில், 1943ஆம் ஆண்டு ஜனவரியில், போர்க்காலச் சிக்கனத்துக்காகத் துண்டாக்கிய பாணை அரசாங்கம் தடைசெய்தபோது நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. காலையில் அவசர அவசரமாக இருபத்திரண்டு துண்டு அறுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தாய் பத்திரிகைக்கு முறையிட்டு எழுதினார். தடை மார்ச் 8ஆம் திகதியே நீக்கப்பட்டது. ஐம்பது நாட்கள்கூட அதனால் நிற்க முடியவில்லை.

அதே போரில், லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது நிலைமை வேறு. 1941ஆம் ஆண்டு நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஒரு மாத காலத்துக்கு மேல், வேலையற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் பாண்தான் பங்கீடு. நான் மேலே சொன்ன துண்டுகளிற் சரியாக ஐந்து; அதுவும் மாவுடன் வேறு எவையெவையோ கலந்த பாண். அங்கே கத்தியின் மூன்று மில்லிமீற்றர் பிழை எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள். பாணை எண்ணி உண்ட ஊர்கள் உலகிலே பல. முகாம்களிலும் வரிசைகளிலும் நின்றறிந்த நம்மவருக்கு அந்த ஊர் மக்கள் அந்நியரல்லர்.

அறுத்து மிஞ்சிய பாணைப் பாதுகாப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. முனையிலிருந்து தொடங்காமல், பாணை முதலில் நடுவிலே இரண்டாக அறுத்து, அங்கிருந்து இரு பக்கமும் துண்டு எடுத்து வந்தால், மிஞ்சும் இரண்டு பாதிகளின் அறுத்த முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி வைத்துவிடலாம். வெளியே ஓடு மாத்திரமே தெரியும். உள்ளே காற்றுப் படாது. சுத்தமான துணியிலே சுற்றி வைத்தால் அடுத்த நாளைக்கும் உதவும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெடாது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பூஞ்சணம் பிடிப்பது தாமதிக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த மிதமான குளிரிலே மாப்பொருள் விரைவாக இறுகிப் பாண் கட்டையாகிவிடும். பாண் பழையதாவது ஈரம் வற்றுவதால் மாத்திரமன்று என்பதை பிரெஞ்சு இரசாயன அறிஞர் பூசங்கோல் 1852ஆம் ஆண்டிலேயே காட்டினார். ஈரம் போகாதபடி அடைத்து வைத்த பாணும் பழையதாகும்; அதையே மீண்டும் சூடாக்கினால் புதியதுபோல் மிருதுவாகும். நமது வீடுகளிற் பழைய பாணைத் தோசைக்கல்லிலே வாட்டி எடுப்பது அந்த அறிஞருக்கு உடன்பாடான காரியமே.

இப்பொழுது ஊர் வீதிகளிலே பேத்தோவனின் இசையை ஒலித்தபடி முச்சக்கர வண்டியிற் பாண் வருகிறது. ஆகையால், வீட்டிலே சுடுவதற்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் அந்த இசை நின்றபோது எத்தனையோ பேர் மாவையும் ஈஸ்டையும் தேடினார்கள். 2022இல் மாவின் விலை ஏறியபோது பாணின் விலையும் உடனேறியது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஞாயிறு தோறும் ஒரு பாண். சுடுபவர் என் மனைவியார், அறுப்பவன் நான், எடுப்பதிலே நான் கடைசி.

ஓரத் துண்டுகளைப் பிள்ளைகள் விரும்பாவிட்டால் எறிந்துவிடாதீர்கள். வெயிலிற் காயவைத்து இடித்துத் தூளாக்கிப் போத்தலில் அடைத்தால் கட்லட் உருட்டுவதற்கு ஆகும். பலகையிற் சிந்தும் துகள்களைப் பெரியம்மா உள்ளங்கையிலே கூட்டியள்ளிக்கொண்டு கொட்டிலின் பின்புறம் செல்வார். கிளிநொச்சியிலிருந்து எங்களோடு சாக்கிலே வந்த கோழியொன்று அங்கே காத்து நிற்கும்.